கடைசி முகத்தை வரைந்தவர்கள்



(நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

1918 பெப்ரவரி 7. ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் பொது வைத்தியசாலையின் பிரேத அறைக்குள் 27 வயது ஓவியர் ஒருவர் வரைதாளோடு நுழைகிறார். அங்கே கிடத்தப்பட்டிருப்பவர் முதல் நாள் இறந்துபோன 55 வயது ஓவியர். இளைஞர் பக்கத்தில் நின்று அந்த முகத்தை வரைகிறார். ஒன்று போதவில்லை. மொத்தம் 3 சித்திரங்கள்.

இறந்தவர் குஸ்தாவ் கிளிம்ட். வரைந்தவர் எகோன் ஷீலே. இருவரும் அன்றைய ஐரோப்பாவின் பெரிய ஓவியர்கள். இவர்களின் பல படங்கள் எமது வீட்டுச் சுவரில் தொங்கவிடக்கூடியவை அல்ல. அது வேறு பேச்சு. இன்று நான் எழுத வந்தது அந்த 3 சித்திரங்களைப் பற்றியும், ஒரு கலைஞன் இறக்கும்போது இன்னொரு கலைஞன் பக்கத்தில் இருந்து அந்த முகத்தைப் பதிந்து வைத்த வழக்கத்தைப் பற்றியும். கைப்பேசியால் மையித்தைப் படமெடுத்து 5 நிமிடத்தில் 5 குழுமங்களுக்கு அனுப்பும் காலத்தில் இருக்கிறோம். அதனால் இந்த வரலாறு எமக்கும் கொஞ்சம் தேவைப்படுகிறது.

*கிளிம்டும் ஷீலேயும்*

இருவருக்கும் இடையே 28 வருட வயது வித்தியாசம். 1907 இல் ஷீலே கிளிம்டைச் சந்தித்தபோது அவருக்கு 17 வயதுதான். கிளிம்டோ நகரமே அறிந்த பெயர். பெரியவர் சின்னவரைத் தட்டிவிடவில்லை. ஷீலேயின் சித்திரங்களை வாங்கினார், படம் வாங்கக்கூடிய செல்வந்தர்களிடம் அறிமுகப்படுத்தினார், 1909 இல் நடந்த பெரிய கண்காட்சியில் இடம் வாங்கிக் கொடுத்தார். 1912 இல் ஷீலே ஒரு பெரிய படம் வரைந்தார். பெயர் 'துறவிகள்'. நீண்ட கறுப்பு அங்கி அணிந்த இருவர் ஒட்டி நிற்கிறார்கள். எங்கே ஒருவர் முடிகிறார், எங்கே மற்றவர் தொடங்குகிறார் என்று பிரித்தறிவது கஷ்டம். ஒருவர் ஷீலே, மற்றவர் கிளிம்ட்.

1918 ஜனவரி 11 ஆம் திகதி கிளிம்டுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை போனால் ஓவியனுக்கு என்ன மிஞ்சும்? பிறகு நிமோனியாவும் சேர்ந்துகொள்ள, பெப்ரவரி 6 ஆம் திகதி இறந்தார்.

கிளிம்டுக்குத் தாடி இருந்தது. அவரை அறிந்த எல்லோரும் அந்தத் தாடியோடுதான் அறிந்திருந்தார்கள். வைத்தியசாலையில் அதை மழித்துவிட்டார்கள். ஷீலே போனபோது கண்டது தனக்குத் தெரிந்த முகத்தை அல்ல. மிகவும் மாறிப்போயிருந்ததாக அவரே பின்னர் எழுதினார். அந்த மாறிய முகத்தைத்தான் வரைந்தார். தாடியைத் தன் ஞாபகத்திலிருந்து சேர்த்துக்கொண்டிருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதைச் செய்யவில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். இறந்த முகத்தை வரைவது கிளிம்டுக்கே புதிதான ஒன்றல்ல. 1902 இல் தன் கைக்குழந்தை ஒட்டோ இறந்தபோது அந்தச் சின்ன முகத்தை வரைந்தவர் அவர். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் தன் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். 16 வருடங்களுக்குப் பிறகு அவருக்கு அதே வேலையைச் செய்தவர் அவர் பிள்ளை அல்ல, அவர் தூக்கிவிட்ட இளைஞர்.

*பேத்தோவனின் கட்டிலடியில் ஒரு தகராறு*

ஐரோப்பாவில் இது பழைய வழக்கம். மன்னர்களும் பெரிய மனிதர்களும் இறந்தால் முகத்தில் சாந்து ஊற்றி அச்சு எடுப்பார்கள். பிற்காலத்தில் கவிஞர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் அப்படிச் செய்தார்கள். ஆனால் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அதே வியன்னாவில், ஷீலேக்கு 91 வருடங்களுக்கு முன்னர் நடந்ததைப் பாருங்கள்.

1827 மார்ச் 26. இசைமேதை பேத்தோவன் மரணப் படுக்கையில் நினைவில்லாமல் கிடக்கிறார். மூச்சு மட்டும் இழுக்கிறது. அறைக்குள் சில நண்பர்கள். அவர்களோடு வந்திருந்த ஜோசப் டெல்ட்ஷர் என்ற ஓவியர் தாளை எடுத்து அந்த முகத்தை வரையத் தொடங்கினார். பேத்தோவனின் பால்ய நண்பர் ஸ்டெபான் வொன் புரொய்னிங்குக்கு அது பொறுக்கவில்லை. ஆட்சேபித்தார். ஓவியர் அறையை விட்டு வெளியேறினார். அங்கே இருந்த ஹூட்டன்பிரென்னர் என்ற இசைக்கலைஞர் பல வருடங்கள் கழித்து எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாட்களுக்குப் பின்னர் டன்ஹவுசர் என்ற இளம் ஓவியர் வந்து முகத்தின் அச்சு எடுத்தார், சித்திரமும் வரைந்தார். ஆனால் அதற்குள் பிரேத பரிசோதனை நடந்து முகம் குலைந்திருந்தது. மனிதர் உயிரோடு இருந்த கடைசி மணித்தியாலங்களைக் காட்டுவது டெல்ட்ஷரின் சித்திரங்கள்தான். அவை பின்னர் எழுத்தாளர் ஸ்டீபன் ஸ்வைக்கின் கைக்கு வந்து, இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

யார் சரி? வரலாற்றுக்காக வரைந்த டெல்ட்ஷரா, நண்பனின் மானத்துக்காக எழுந்த புரொய்னிங்கா? வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வாதாடுவார்கள். என்னைக் கேட்டால், அந்த அறைக்குள் புரொய்னிங் சொன்னது சரி. இறந்துகொண்டிருப்பவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அவருக்காக அதைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தார். படம் எமக்குக் கிடைத்தது என்பதற்காக அந்த ஆட்சேபணை பிழையாகிவிடாது.

*தூங்காமலிருக்க வரைந்த சித்திரம்*

அதற்கு 6 வருடங்களுக்கு முன்னர் ரோம் நகரில் நடந்தது வேறு மாதிரி.

ஆங்கிலக் கவிஞர் ஜோன் கீட்ஸுக்குச் சயரோகம். இங்கிலாந்தின் குளிர் ஆகாது, இத்தாலிக்குப் போங்கள் என்றார்கள் வைத்தியர்கள். கூடப் போக யாரும் இல்லை. கடைசி நேரத்தில் ஒத்துக்கொண்டவர் ஜோசப் செவர்ன் என்ற 26 வயது ஓவியர். லண்டன் ரோயல் அகடமியின் தங்கப் பதக்கம் பெற்றவர். 1820 செப்டெம்பரில் கப்பல் ஏறினார்கள். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் 10 நாட்கள் கப்பலிலேயே தனிமைப்படுத்தல். நவம்பர் நடுவில் ரோமை அடைந்து, பிரபலமான ஸ்பானியப் படிக்கட்டுக்குப் பக்கத்து வீட்டில் தங்கினார்கள்.

பிறகு 3 மாதங்கள் செவர்ன் தூரிகை பிடித்ததைவிடச் சட்டி பிடித்ததுதான் அதிகம். சமைத்தார், கூட்டித் துடைத்தார், இரத்தம் கக்கும் நண்பனைத் தாங்கிப் பிடித்தார், புத்தகம் வாசித்துக் காட்டினார். இரவில் கண்ணயர்ந்துவிட்டால் மெழுகுதிரி அணைந்து நண்பன் இருட்டில் விழித்துவிடுவானே என்று, ஒரு திரியிலிருந்து அடுத்த திரிக்கு நூல் கட்டி வைத்தார். ஒன்று எரிந்து முடியும்போது நூல் வழியாக மற்றது பற்றிக்கொள்ளும்.

1821 ஜனவரி 28, அதிகாலை 3 மணி. கீட்ஸின் முகமெல்லாம் வியர்வை. செவர்ன் ஒரு தாளை எடுத்துத் தலையணையில் சாய்ந்திருந்த அந்தத் தலையை வரைந்தார். ஒட்டிப்போன கன்னம், நெற்றியில் ஒட்டிய முடி, மூடிய கண்கள், பின்னால் கரிய நிழல். கீழே அவர் எழுதி வைத்த குறிப்பில் திகதியும் நேரமும் இருக்கின்றன. காரணமும் இருக்கிறது: தூங்கிவிடாமல் இருக்கத்தான் வரைந்தாராம்.

இந்தக் காரணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உலகத்துக்குக் காட்ட வேண்டும், வரலாற்றில் இடம் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. நோயாளியோடு விழித்திருக்க வேண்டும். கை சும்மா இருந்தால் கண் மூடிவிடும். எமது தாய்மார் நோயாளியின் கட்டிலருகே தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு விழித்திருப்பது போல, அவர் பேனையைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தார்.

பெப்ரவரி 23 இரவு கீட்ஸ் செவர்னின் கைகளில் இறந்தார். வயது 25. சயரோகம் தொற்றும் என்ற பயத்தில் அந்த அறையின் தளபாடங்களை எரித்துவிட்டார்கள். சித்திரம் தப்பியது. செவர்ன் அதன் பிறகு 58 வருடங்கள் வாழ்ந்தார். ரோமில் பிரிட்டிஷ் கொன்சலாகவும் இருந்தார். நண்பனின் முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருந்தார். இன்று இருவரின் அடக்கத்தலங்களும் ரோமில் அருகருகே இருக்கின்றன. கீட்ஸின் கல்லில் அவர் விருப்பப்படி பெயர் இல்லை. செவர்னின் கல்லில், கீட்ஸின் மரணப் படுக்கை வரை கூட இருந்த நண்பர் என்று எழுதியிருக்கிறார்கள். ஓவியனாக அவர் வரைந்த மற்றப் படங்களின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

வான் கோவின் கதை பலருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1890 ஜூலை 29 இல் 37 வயதில் அவர் இறந்தபோது, அவருக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் கஷே அந்த முகத்தைக் கரியால் வரைந்தார். கஷே வேறு பெயரில் ஓவியமும் வரைந்துகொண்டிருந்தவர். செப்புத் தகட்டில் கீறி அச்சிடும் முறையை வான் கோவுக்குப் பழக்கியவரும் அவரே. அந்த முறையில் வான் கோ வாழ்நாளில் செய்த ஒரே படம் கஷேயின் முகம். சில வாரங்களுக்குள் கஷே அதே முறையில் வான் கோவின் மரண முகத்தை அச்சிட்டார். உயிரோடு இருந்தபோது ஒருவர் வரைந்ததற்கு, இறந்தபின் மற்றவர் கைம்மாறு செய்தது போல இருக்கிறது.

*அரசர் கட்டளையிட்டால்*

இது ஐரோப்பியருக்கு மட்டும் உரிய கதையா? இல்லை. மரணப் படுக்கைச் சித்திரங்களில் உலகப் புகழ்பெற்ற ஒன்று முகலாய அரண்மனையில் பிறந்தது.

1618. பேரரசர் ஜஹாங்கீரின் அணுக்க அதிகாரிகளில் ஒருவரான இனாயத் கான் அபினுக்கும் மதுவுக்கும் அடிமையாகி உடல் கெட்டுப்போனார். ஊர் திரும்ப அனுமதி கேட்டபோது, அவரைப் பல்லக்கில் வைத்து அரசர் முன் கொண்டுவந்தார்கள். எலும்பின் மேல் தோல் போர்த்தியது போன்ற அந்த உடலைப் பார்த்து ஜஹாங்கீர் திகைத்துப்போனார். ஓவியர்கள்கூட இப்படி ஒரு மெலிவைக் கற்பனை செய்ததில்லை என்று நினைத்தவர், உடனே வரையும்படி தன் ஓவியர்களுக்குக் கட்டளையிட்டார். பயணச் செலவுக்கு 2,000 ரூபாயும் கொடுத்தார். அடுத்த நாள் இனாயத் கான் வபாத்தானார். இவ்வளவையும் ஜஹாங்கீரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டுச் சித்திரம் இன்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலும், வர்ணம் தீட்டிய படம் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்டிலும் உள்ளன.

ஓவியத் திறமையில் அது எதற்கும் குறைந்ததல்ல. விலா எலும்புகளை எண்ணலாம். ஆனால் செவர்னின் சித்திரத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே வரைந்தவர் கட்டளைக்கு வரைந்தார். கட்டளையிட்டவர் ஆச்சரியத்துக்காகக் கட்டளையிட்டார். நோயாளி ஒரு வினோதக் காட்சியாகிவிட்டார். அரசரிடம் இரக்கமே இருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பணம் கொடுத்திருக்கிறார். ஆனால் கட்டிலருகே விழித்திருந்தவர் அவர் அல்ல.

*காலியான நாற்காலி*

மீண்டும் வியன்னா. கிளிம்ட் இறந்த அடுத்த மாதம், 1918 மார்ச்சில், ஓவியர் சங்கத்தின் 49 ஆவது கண்காட்சி. அதன் சுவரொட்டியை ஷீலே வரைந்தார். ஒரு மேசையைச் சுற்றி ஓவியர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு தலைமாட்டில் ஷீலே. அவருக்கு நேரெதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அது கிளிம்டின் இடம் என்றுதான் எல்லோரும் பொருள் கொள்கிறார்கள். பிரேத அறையில் முகத்தை வரைந்த அதே கை, இப்போது முகமே இல்லாத இடத்தை வரைந்தது. கண்காட்சி ஷீலேக்குப் பெரிய வெற்றி. முதல் முறையாகக் கையில் பணம் வந்தது.

அந்த வருட இலையுதிர் காலத்தில் உலகம் முழுவதும் பரவிய கொடிய இன்புளுவென்சா வியன்னாவுக்குள்ளும் நுழைந்தது. இலங்கையிலும் அதே காலத்தில் அது பல உயிர்களைக் கொண்டுபோனது. ஷீலேயின் மனைவி ஈடித் 6 மாதக் கர்ப்பிணி. காய்ச்சலில் விழுந்தார். கட்டிலருகே இருந்து ஷீலே அவரை வரைந்தார். தலை சாய்ந்திருக்கிறது, பார்வை எம்மை நோக்கியே இருக்கிறது. ஒக்டோபர் 28 இல் ஈடித் இறந்தார். தொற்று ஷீலேக்கும் வந்துவிட்டது. 31 ஆம் திகதி அவரும் போய்விட்டார். வயது 28. கிளிம்டை வரைந்து 9 மாதங்கள்கூட ஆகவில்லை. கட்டிலில் கிடந்த அவரது கடைசித் தோற்றத்தை நிழற்படமாக எடுத்து வைத்தார்கள். ஒரே வருடத்தில் கிளிம்ட், கட்டிடக் கலைஞர் ஒட்டோ வாக்னர், ஓவியர் கொலொமன் மோசர், ஷீலே என்று அந்த நகரத்தின் கலைத் தலைமுறை ஒன்று முடிந்துபோனது.

*எமது பக்கம்*

உருவம் வரைவது பற்றிய மார்க்கத் தீர்ப்புக்குள் நான் போகவில்லை. அது உலமாக்களின் விடயம். மையித்தை வரையுங்கள் என்று சொல்லவும் வரவில்லை.

எமது பக்கத்தில் இந்த வேலையைச் சொல் செய்தது. அரபியில் அதற்கு மர்ஸியா என்று பெயர். தன் சகோதரன் ஸஹ்ரை இழந்து பாடிய கவிஞர் கன்ஸா (ரழி) அவர்களின் இரங்கற் கவிதைகள் 1400 வருடங்களாக வாழ்கின்றன. தமிழில் அதற்குக் கையறுநிலை என்று ஒரு துறையே உண்டு. பாரி இறந்த பின் கபிலர் பாடியதை உயர்தரத்தில் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். அதுவும் உயிர் நண்பனுக்கு ஒரு கலைஞன் செய்த மரியாதைதான்.

முகம் பார்ப்பதும் எம்மிடம் உண்டு. கபனைக் கட்டி முடிப்பதற்கு முன் "கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கூப்பிடுவார்களே, அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு பெரியவை என்பதை 2020 எமக்குக் கற்றுத்தந்தது. அந்த வருடம் ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. இடையில் எத்தனையோ பேர் தாயின், தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள். அந்த வலியை அறிந்த சமூகம் நாம்.

அப்படிப்பட்ட நாமே இப்போது என்ன செய்கிறோம்? விபத்தில் சிதைந்த முகம், வைத்தியசாலைக் கட்டிலில் வாய் திறந்து கிடக்கும் முகம், குளிப்பாட்டுவதற்கு முன் உள்ள கோலம், எல்லாம் குழுமங்களில் வருகிறது. சில நேரம் பிள்ளைகளுக்கு வாப்பாவின் மவ்த்துச் செய்தி போய்ச் சேர்வதற்கு முன் படம் போய்விடுகிறது. மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் தான் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்று எமக்குப் படித்துத் தந்திருக்கிறார்கள். குளிப்பாட்டுகிறவருக்கு உள்ள அதபு, கைப்பேசி வைத்திருப்பவருக்கு இல்லையா?

செவர்னுக்கும் எமக்கும் உள்ள வித்தியாசம் பென்சிலுக்கும் கெமராவுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் அல்ல. அவர் 3 மாதம் பணிவிடை செய்துவிட்டு ஒரு படம் வரைந்தார். நாம் 3 விநாடி நின்று படம் எடுக்கிறோம். படமெடுப்பவர் அந்த வீட்டுக்கு யார், குடும்பத்தாரிடம் கேட்டாரா, யாருக்கு அனுப்புகிறார் என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான படங்கள் அனுப்பப்படாமலே போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எமது ஊர்களில் நல்ல கவிஞர்கள், சித்திர ஆசிரியர்கள், ரபான் கலைஞர்கள், களிகம்புப் பாட்டுக்காரர்கள் வபாத்தாகிறார்கள். மறுநாள் ஜனாஸா அறிவித்தலோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அவர்களோடு கூட இருந்த கலைஞர்கள், மாணவர்கள் ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள். எங்கே பிறந்தார், யாரிடம் படித்தார், கடைசி நாட்களில் என்ன பேசினார், அவருடைய கொப்பிகள் யாரிடம் இருக்கின்றன என்று எழுதுங்கள். நோயாகக் கிடப்பவர்கள் இருந்தால் இன்றே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசி சட்டைப் பைக்குள் இருக்கட்டும்.

உங்கள் ஊரில் அப்படி எழுதப்படாமல் போனவர் யார் என்று கீழே குறிப்பிடுங்கள். பெயரும் ஊரும் அவர் செய்த கலையும் போதும். ஒரு கொப்பியில் சேர்த்து எழுதி வைக்கலாம்.

எம்மை விட்டுப் போன அனைவரின் கபுரையும் அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.